சத்திரக்காரர் இடம் கொடுத்துவிட்டார்

என் அருமைத் தங்கையின் கணவரும், என் நாவலை அச்சிடத் துணிந்த ஒரே பதிப்பாளருமான மாப்பிள்ளை அவர்களுக்கு,

மூத்த மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கு நானும் உங்கள் அக்காவும் நலம். அங்கு நீங்களும் தங்கையும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் கேட்கும் குரலை வைத்துப் பார்த்தால், தங்கை மிகவும் நலம்.

அட்டை அச்சாகிக் கிடக்கிறது, சத்திர அத்தியாயம் எங்கே என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். நடந்ததைச் சொல்கிறேன், பாதியில் கீழே வைத்துவிடாதீர்கள்.

நம் ‘குமாரன் வந்தான்’ நாவலில் இயேசு பிறந்த கதை இந்தக் காலத்தில் நடக்கிறது என்பது நீங்கள் அறிந்ததே. தேவதூதன் கூரியர்காரனாக வந்து, மரியாளிடம் செய்தியைச் சொல்லிவிட்டுக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போகிறான். நட்சத்திரம் என்பது செல்போன் கோபுரத்து விளக்கு. மேய்ப்பர்கள் ஏடிஎம் காவலாளிகள். மடமடவென்று ஓடிய பேனா, மரியாளுக்கும் யோசேப்புக்கும் இடமில்லை என்று சொல்லும் சத்திரக்காரரிடம் வந்ததும் படுத்துக்கொண்டது. எப்படி எழுதினாலும் அந்த ஆளுக்கு உயிர் வரவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் ஹவுஸ் ஓனர் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு மாடிப்படியில் வந்தார். தங்கமான மனிதர்தான், ஆனால் எதைக் கேட்டாலும் “பார்க்கலாம்” என்பார். குழாய் ஒழுகுகிறது என்றால் பார்க்கலாம். சுவரில் ஓதம் ஏறுகிறது என்றால் பார்க்கலாம். ‘முடியாது’ என்று சொன்னால் நம் மனசு நோகுமாம். கண்டேன் சத்திரக்காரரை என்று அவரைச் சாவிக்கொத்தோடு தூக்கி அத்தியாயத்துக்குள் வைத்துவிட்டேன். யோசேப்பு இடம் கேட்கிறான், சத்திரக்காரர் “பார்க்கலாம்” என்கிறார், அதை நம்பி அந்த அப்பாவி நிறைமாத மனைவியோடு வாசலிலேயே நிற்கிறான். எழுதி முடித்துவிட்டு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

தவளை தன் வாயால் கெடும். நான் மனைவியின் வாயால் கெட்டேன். உங்கள் அக்கா அந்த அத்தியாயத்தை ஓனரம்மாவுக்குப் படித்துக் காட்ட, அந்த அம்மா அதைச் சாப்பாட்டு வேளையில் கணவரிடம் சொல்ல, அவர் பாதியில் கை கழுவிவிட்டு மாடியேறி வந்துவிட்டார். திட்டுவார் என்று தயாராக நின்றேன். திட்டவில்லை. “சார், நான் அப்படிப்பட்ட ஆளா?” என்று மட்டும் கேட்டார். கண் கலங்கியிருந்தது. அது வெறும் கற்பனை என்று சமாளித்தேன். “கற்பனைக்கு எதுக்கு சார் என் சாவிக்கொத்து?” என்றார்.

அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்போம் என்று மேலே இருப்பவர் நினைத்தாரோ என்னவோ, அதே வாரம் ஒரு லிப்ட் மெக்கானிக்கும் அவர் மனைவியும் வாடகைக்கு இடம் கேட்டு வந்தார்கள். குடியிருந்த கட்டடத்தை இடிக்கப்போகிறார்களாம். அவர் கையில் மின்விசிறியும் வாளியும். அந்தப் பெண்ணுக்கு நிறைமாதம். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஓனர் பழக்க தோஷத்தில் “பார்...” என்று ஆரம்பித்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். “பாருங்க, இந்த ரூம்தான்” என்று முடித்தார். அவர் காட்டியது, நான் நாவல் எழுதுவதற்கென்று எனக்குச் சும்மா விட்டிருந்த கீழ் அறை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, விசுவாசியான நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். இப்போது நானும் என் மேசையும் ஸ்கூட்டர் ஷெட்டில். துணைக்கு ஒரு பூனை, அதன் குட்டிகளோடு. தொழுவத்தைப் பற்றி எழுத இதைவிட நல்ல இடம் கிடைக்குமா என்று உங்கள் அக்கா ஆறுதல் சொல்கிறாள். ஒன்றைச் சொல்ல வேண்டும், ஷெட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒழுகிக்கொண்டிருந்த குழாயை மெக்கானிக் வந்த கையோடு சரிசெய்துவிட்டார். அந்தப் பெண் வேண்டாமென்றாலும் தேநீர் கொடுத்தனுப்புகிறாள்.

ஆனால் ஓனர் என்னை விட்டபாடில்லை. தினமும் ஷெட்டுக்கு வந்து, “இடம் குடுத்துட்டாரா சார்?” என்று விசாரிக்கிறார். நாவலில்தான். பொறுமையாக விளக்கினேன். சத்திரக்காரர் அறை கொடுத்துவிட்டால் தொழுவம் இல்லை, பிள்ளையைக் கிடத்த முன்னணை இல்லை, மேய்ப்பர்கள் எங்கே போய்த் தேடுவார்கள், கதையே நின்றுவிடும் என்றேன். அவர் சாவிக்கொத்தைக் குலுக்காமல் சொன்னார்: “கதை நின்னா நிக்கட்டும் சார். மாசமா இருக்கிற பொண்ணு நிக்கலாமா?”

அன்றைக்கு எனக்கு ஒரு வரி ஓடவில்லை. இருந்தாலும் மாப்பிள்ளை, வேதத்தில் கைவைக்க எனக்கும் அதிகாரமில்லை, அவருக்கும் இல்லை. சத்திரத்தில் இடமில்லை என்றால் இல்லைதான். இது என் முடிவு, இனி யார் வந்து நின்றாலும் மாற்றமில்லை. இந்த வாரமே அத்தியாயம் உங்கள் கைக்கு வந்து சேரும். அட்டையில் இருக்கும் ஆண் குழந்தையும் தலைப்பும் அப்படியே இருக்கட்டும், யார் பேச்சையும் கேட்டு ஒரு புள்ளியைக்கூட மாற்றாதீர்கள்.

தங்கைக்கு என் அன்பும், பிள்ளைகளுக்கு என் முத்தங்களும், உங்களுக்கு இன்னும் கொஞ்சம் பொறுமையும் உண்டாவதாக.

இப்படிக்கு,
ஸ்கூட்டர் ஷெட்டிலிருந்து,
தங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி வந்து நின்றது. முதலில் இறங்கியவர் ஓனர்தான். ஓடிப்போய் அறையைத் திறந்துவிட்டார். பிறகு நேராக ஷெட்டுக்கு வந்து, பேனா பிடித்திருந்த என் கையில் குழந்தையை வைத்தார். பெண் குழந்தை. என் விரலைப் பிடித்தவள் விடவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இவளை வாசலில் நிற்கவைத்து நான் எப்படி எழுதுவேன்? சத்திரக்காரர் இடம் கொடுத்துவிட்டார் மாப்பிள்ளை. மேய்ப்பர்கள் வந்து அறைக் கதவைத் தட்டிக்கொள்ளட்டும். அட்டையையும் தலைப்பையும் நிறுத்திவையுங்கள், குமாரன் வரவில்லை, குமாரத்திதான் வந்திருக்கிறாள். என் மேசையையும் அவள் துணிமணி வைக்கக் கொடுத்தாயிற்று. அப்படியானால் நாவல் எப்போதுதான் முடியும் என்று கேட்பீர்கள்.

பார்க்கலாம்.