கீறல் விழாத இரண்டாம் சிடி

ரசிகர்களில் ஒரு ரகம் உண்டு. படம் பார்க்கிற ரகம் அல்ல; அவர்கள் பாவம், பார்த்தோமா வந்தோமா என்று இருப்பார்கள். இது படம் வந்து எத்தனை வருஷம் ஆச்சு என்று பார்க்கிற ரகம். ஆண்டுவிழா ரசிகர். உங்கள் தெருவில் ஒருவராவது இருப்பார். இல்லை என்கிறீர்களா? பொறுங்கள், அதைக் கடைசியில் பேசிக்கொள்வோம்.

நம் ஆள் கண்ணாடிக் கடைக்காரர். நிலைக்கண்ணாடி அறுத்துக் கொடுப்பார், போட்டோவுக்குச் சட்டம் போடுவார். தெருவே அவரைக் 'காலண்டர்' என்றுதான் கூப்பிடும். காலையில் வாயில் பிரஷ்ஷும் நுரையுமாக வந்து, "இன்னைக்கு என்ன நாள் தெரியுமா?" என்பார். செவ்வாய்க்கிழமை என்று சொல்லித் தொலைத்துவிடாதீர்கள். ஒரு பாட்டு வந்து முப்பத்தொரு வருஷம், ஒரு டிரெய்லர் வந்து பன்னிரண்டு வருஷம், ஒரு படம் பாதியில் நின்றுபோய் ஒன்பது வருஷம் என்று ஏதாவது ஒன்று இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. பாட்டு என்றால் வீடே எழுந்து நின்று கேட்க வேண்டும், நின்றுபோன படம் என்றால் ஒரு நிமிஷ மௌனம், அந்த ஒரு நிமிஷத்தில் அடுப்பில் பால் பொங்கினாலும் ஒருவரும் அசையக் கூடாது. பால் பொங்கும். அதற்கும் ஒரு தேதி குறித்துக்கொள்வார்.

"நேத்து நடந்த மாதிரி இருக்கு!" என்று பெருமூச்சு விடுவார். நேற்று நிஜமாகவே வாங்கி வரச் சொன்ன சோப்பு மட்டும் போன நூற்றாண்டு விஷயமாகிவிடும்.

இத்தனைக்கும் மேலே ஒன்று உண்டு: 'அந்தப் படம்'. அந்த வீட்டில் பெயர் சொல்லத் தேவையில்லை. வருஷாவருஷம் அதே தேதியில் குடும்பத்தை உட்காரவைத்து, முதல் சிடியைப் போட்டு, ஒவ்வொரு வசனத்தையும் நடிகருக்கு முன்னால் தானே சொல்லி முடிப்பார். இடைவேளை வந்ததும், "இருங்க, டீ போட்டுட்டு வரேன்" என்று எழுவார். டீ வரும். படம் திரும்பி வராது. தப்பித்தோம் என்று குடும்பமும் கலைந்துவிடும்.

இதில் ஒரு வில்லங்கம் இருப்பதைக் கண்டுபிடித்தவள் அவருடைய மகள். பதினாறு வயது. ஒருமுறை காலண்டரில் ஒரு தாளைக் கூடுதலாகக் கிழித்து, அப்பாவை ஒரு நாள் முன்னதாகவே ஒரு பாட்டுக்கு எழுந்து நிற்க வைத்த புண்ணியவதி. இந்த வருஷம் இருபத்தைந்தாவது ஆண்டு ஆயிற்றே, எப்படியும் முழுப் படமும் போடுவார், இரண்டாம் சிடியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பொம்மைப் பட சிடியை வைத்துவிடலாம் என்று உறையைத் திறந்தாள். முதல் சிடி முழுக்கக் கீறல். இரண்டாவதிடமோ அப்பா கடையில் விற்கிற கண்ணாடியே தோற்றது! அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம்.

நேரே வீட்டு முன்பக்கத்தில் இருந்த கடைக்குப் போனாள்.

"அப்பா, இடைவேளைக்கு அப்புறம் நீங்க அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லல்ல?"

கண்ணாடி அறுக்கிற கை நின்றது. "மெதுவா பேசு. அம்மா காதுல விழுந்துடப் போகுது."

"இருபத்தஞ்சு வருஷமாவா!"

"முதல் நாள், முதல் காட்சி. இடைவேளைல டீக்கு வரிசைல நின்னேன். எனக்கு முன்னாடி நின்னவன், 'கடைசில ஹீரோ செத்துடுவான்'னு போட்டு உடைச்சுட்டான். அப்படியே வீட்டுக்கு வந்துட்டேன்."

"டீ குடிக்காமயா?"

"டீயைக் குடிச்சுட்டுதான்." ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். "நான் பார்க்காத வரைக்கும் அவன் சாகலடா."

சிரிப்பு மகளுக்குத் தொண்டை வரை வந்தது. வகுப்பில் ஒரு வருஷத்துக்கு ஓடுகிற கதை! ஆனால் அப்பா அந்தக் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தவே இல்லை. சிரிப்பு வந்த வழியே இறங்கிவிட்டது.

"ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவீங்க?"

அதுதான் சிக்கல். வீட்டுக் கொண்டாட்டம் போதாதென்று, இருபத்தைந்தாவது ஆண்டுக்காக ரசிகர் மன்றம் அந்த ஞாயிற்றுக்கிழமை தியேட்டரையே பிடித்திருந்தது. முன்வரிசை நடுநாற்காலியில் தலைவர் இவர். படம் முடிந்ததும் மேடையேறிக் கடைசிக் காட்சியைப் பற்றிப் பேச வேண்டும். எழுந்து ஓடினால் இருபத்தைந்து வருஷ மானம் போச்சு. உட்கார்ந்தால் ஹீரோ போய்விடுவான்.

"கூலிங்கிளாஸ் போட்டுக்கிட்டுக் கண்ணை மூடிக்கோங்க, காதுல பஞ்சு வச்சுக்கோங்க" என்றாள் மகள். "கதையை நான் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை. இடைவேளை முடிந்தது. கடைசிக் காட்சியில் திரையில் ஹீரோ குண்டடி பட்டுச் சரிந்தான். மகள் பஞ்சை லேசாக விலக்கி, அப்பா காதில் சொன்னாள்: "பஸ் வந்துடுச்சுப்பா. ஏறிட்டான்."

"கூட்டமா?"

"காலியாத்தான் இருக்கு. ஜன்னல் சீட்டு."

"பின்ன ஏன் எல்லாரும் அழற சத்தம் கேக்குது?"

"ஊருக்குப் போறான்ல."

மேடையேறினார் காலண்டர். மைக்கைப் பிடித்தார். "அந்தக் கடைசி பஸ்! அந்த ஜன்னல் சீட்டு! இப்பல்லாம் எவன் இப்படி எடுக்கறான்?"

அரங்கில் ஊசி விழுந்தால் கேட்கும். மகள் வெளியே போகிற வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துவைத்துக்கொண்டாள். கொஞ்சம் முன்பு வரை அத்தனை பேரும் திரைக்கு முதுகைக் காட்டி, செல்போனைத் தூக்கிப் பிடித்து, தாங்கள் அழுவதைத் தாங்களே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

"ஆமாமா!" என்று எழுந்தார் மன்றச் செயலாளரான பஞ்சர் கடைக்காரர். "அந்த பஸ் ஷாட்டை எடுக்கவே நாலு நாள் ஆச்சாம்!"

"ஏழு நாள்!" என்றது பின்வரிசை.

"என்னய்யா ஏழு? அந்த பஸ்ஸுக்கு டயர் மாட்டினதே எங்க மாமாதான்!"

கைத்தட்டல் கூரையைப் பிய்த்தது. அடுத்த வருஷம் பஸ்ஸுக்குத் தனியாக ஆண்டுவிழா எடுப்பதென்று அங்கேயே தீர்மானம் நிறைவேறியது.

வீடு திரும்பும் வழியில் காலண்டர் கூலிங்கிளாஸைக் கழற்றினார். "ஏன்டா, அந்த பஸ் எந்த ஊருக்குன்னு போர்டு இருந்துச்சா?"

"வெயில்ல சரியா தெரியலப்பா."

அவர் கூலிங்கிளாஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "எந்த ஊரா இருந்தா என்ன, போய்ச் சேர்ந்திருப்பான்" என்றார்.

சரி, உங்களிடம் வருவோம். அந்தப் படத்தை நீங்களும் பார்த்த மாதிரி இருக்கிறதா? அந்த பஸ்கூட லேசாக ஞாபகம் வருகிறதா, என்ன நிறம் என்பதுதான் பிடிபடவில்லையா? ஒன்றும் பதற வேண்டாம். பரணில் கிடக்கிற உங்கள் இரண்டாம் சிடியை எடுத்து, தூசி தட்டி, முகத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்.

யார் தெரிகிறார்?