சவர்க்கார விளம்பரமும் இராமசாமியின் காய்ச்சலும்

மூன்றாவது தடவையும் குரல் பதிவின் நடுவில் சேவல் கூவியதும் தர்மிளா போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள்.

கையில் போன். ஒரு சவர்க்கார விளம்பரத்தைப் பேசி நாலு மணிக்குள் கொழும்பு ஸ்டூடியோவுக்கு அனுப்ப வேண்டும். முன்பு அனுப்பிய இரண்டும் "பின்னால ஒரே சத்தம்" என்று திரும்பி வந்துவிட்டன. இதுதான் கடைசித் தடவை. ஆனால் யட்டியாந்தோட்டைப் பக்கத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்ட லயத்தில் அமைதிக்கு எங்கே போவது? கூரைவரை எட்டாத நடுச்சுவருக்கு மேலாகப் பக்கத்து வீட்டு ரேடியோ பாடியது.

விஷயத்தைச் சொல்ல வெட்கம். வேலை கிடைக்காவிட்டால் ஊரே சிரிக்குமே. வாசலில் நின்று ஒரு பொய் சொன்னாள்.

"அப்பாவுக்குக் கடும் காய்ச்சல். கொஞ்சம் சத்தம் போடாம இருங்க."

உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்த இராமசாமியைப் படுக்கவைத்தாள்.

"அசையாமப் படுங்கப்பா."

"பசிச்சா?"

"காய்ச்சக்காரருக்குப் பசிக்காது."

ரேடியோ நின்றது. "உங்கள் மேனிக்கு..." என்று தொடங்கினாள். கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டுக் கருப்பாயி, கொத்தமல்லித் தண்ணீரோடு.

"பவ், பாவம். சூடாக் குடிக்கணும்" என்று தர்மிளாவின் கையில் கொடுத்தாள். இராமசாமி எட்டி வாங்கிக் குடித்தார்.

மறுபடி "உங்கள் மேனிக்கு..." வாசலில் ஆட்டோ. பஸார் கடை பவாஸ் முதலாளி கற்கண்டுப் பொட்டலத்தை நீட்டினார்.

"கடைக்கு வந்த புள்ளைங்க சொன்னாங்க மகள். துவா செய்றன்."

பொட்டலமும் கட்டிலுக்குப் போனது.

இனி யாரும் வரக்கூடாதென்று, "ஒட்டுற காய்ச்சல்" என்றாள். உடனே கோயில் பூசாரி மணியோடு வந்துவிட்டார். கால் மணி நேரம் அடித்தார். இராமசாமிக்கு நெற்றியிலும், ஏனோ தர்மிளாவுக்குத் தொண்டையிலும் திருநீறு பூசினார்.

மணி மூன்றரை. தொண்டை கட்டிவிட்டது. வாசலில் இன்னும் நாலுபேர் மிளகு ரசத்தோடு நின்றார்கள்.

"ரசம் காரமா இருக்குமா?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

அப்பாவுக்காகச் சாமி கும்பிட்ட அந்த முகங்களை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அப்பாவுக்கு ஒன்னுமில்லங்க. நான் பொய் சொல்லிட்டேன். விளம்பரத்துக்குக் குரல் குடுக்கிற வேலைக்காக..."

யாரும் திட்டவில்லை. கருப்பாயி சேவலைப் பிடித்துச் சேலைத் தலைப்பில் பொத்திக்கொண்டாள். பூசாரி மணியின் நாக்கைப் பிடித்துக்கொண்டார். லயமே மூச்சடக்கி நின்றது. கட்டிய குரலில் ஒரே மூச்சில் பேசி அனுப்பினாள்.

நாலு மணிக்குப் பதில் வந்தது: "குரல் பிடிச்சிருக்கு. திங்கட்கிழமை வாங்க."

தர்மிளா கண்ணைத் துடைத்தாள். "இவ்வளவு பொய் சொல்லியும் எனக்காக நின்னீங்களேக்கா."

"காய்ச்சல் இல்லன்னு எங்களுக்கு அப்பவே தெரியும் புள்ள. ஒரு வாரமாச் செவத்துக்கு மேல அந்தச் சவக்காரந்தானே கேக்குது" என்றாள் கருப்பாயி. "கொண்டாந்ததெல்லாம் ஒன் தொண்டைக்கு. ஒங்கப்பாதான் குடிச்சுத் தீத்துட்டாரு."