குளத்தைக் காலி செய்த வேட்பாளர்

ஒரு காட்டில் ஒரே ஒரு குளம். அந்தக் குளத்தில் ஒரே ஒரு முதலை. கட்சி மட்டும் பதினேழு.

வனாதிபதி தேர்தல் வந்தால் போதும், பதினேழு வேட்பாளர்களும் தொண்டை கிழியக் கத்துவார்கள்: “முதலையை விரட்டுவோம்!” யானை ஜெயித்தது, விசாரணைக் குழு போட்டது. சிங்கம் ஜெயித்தது, யானை போட்ட குழுவை விசாரிக்க இன்னொரு குழு போட்டது. குரங்குக் கட்சி ஜெயிப்பதற்குள்ளேயே மூன்றாக உடைந்து, கிளைக்கு ஒரு தலைவர் உட்கார்ந்துவிட்டார். முதலை மட்டும் எல்லா ஆட்சியிலும் வேளை தவறாமல் சாப்பிட்டது.

காட்டுப்பன்றி கோரையனின் குட்டி ஒன்று போன கோடையில் தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பவில்லை. மிச்சம் ஐந்து குட்டிகள். அவனுக்குப் பொறுமை போயிற்று. ஓட்டுக் கேட்டு வந்த கரடியை, “மேடையில் கத்தினது போதும், குளத்தில் இறங்கிக் கத்துடா பார்ப்போம்!” என்று துரத்திவிட்டு, நேரே முதலையிடமே பேரம் பேசப் போனான்.

“அண்ணே, குளத்தை விட்டுப் போக என்ன கேட்கிறீர்?” என்றான், கரையிலிருந்து நாலு பாய்ச்சல் தள்ளி நின்றுகொண்டு.

முதலை ஒரு கண்ணை மட்டும் திறந்தது. “எனக்கும் வயதாகிறது, தம்பி. சேற்றில் கிடந்து மூட்டெல்லாம் பிடித்துக்கொள்கிறது. மலைமேல் வனாதிபதி மாளிகையில் நல்ல வெயில் அடிக்குமாமே?”

“நீரும் தேர்தலில் நிற்கப்போகிறீரா?”

“ஏன், நிற்கக் கூடாதா? மற்றவனெல்லாம் என்னை விரட்டுவேன் என்கிறான். நான் நானாகவே போகிறேன் என்கிறேன். எது நம்புகிற மாதிரி இருக்கிறது?”

கோரையன் கறாராகப் பேசினான். “ஜெயித்த அன்றே கிளம்ப வேண்டும். குளத்தில் வாலைக்கூட விட்டுவைக்கக் கூடாது.”

“சரி.”

கேட்டவுடனே “சரி” என்கிறவனிடம் எவனாவது கை கொடுப்பானா? கத்திரிக்காய் வாங்கப் போனவன்கூடக் கொடுக்க மாட்டான். இந்த மடையன் கொடுத்தான்.

முதலை பாதிக்கு மேல் ஓட்டு வாங்கி ஜெயித்தது. சொன்னபடி அன்றே மலையேறியது. கோரையனின் குட்டிகள் குளத்தில் விழுந்து புரண்டன.

கொஞ்ச நாளில் மாளிகையிலிருந்து கட்சித் தலைவர்களுக்கு விருந்து அழைப்பு வரத் தொடங்கியது. கரடி போனார். சிங்கம் போனார். போனவர் யாரும் திரும்பவில்லை. காடு கவலைப்படவில்லை; ஒலிபெருக்கித் தொல்லை ஒழிந்தது என்று நிம்மதியாகத் தூங்கியது.

அடுத்த தேர்தலில், தலைவர்களில் மிச்சமிருந்த ஒரே ஆளான முயல் மேடையேறி, “முதலையைத் தோற்கடிப்போம்!” என்றது.

“தோற்றால் அவர் எங்கே போவார்?” என்று கேட்டாள் கோரையனின் மனைவி கிழங்காயி.

மொத்தக் கூட்டமும் குளத்தைத் திரும்பிப் பார்த்தது. முயல் டெபாசிட்டை இழந்தது. அப்புறம் அதற்கும் விருந்து அழைப்பு வந்தது.

இரண்டாவது பதவிக்காலமும் முடியும் நேரம் வந்தது. மூன்றாம் முறை நிற்கக் கூடாது என்பது காட்டுச் சட்டம். முதலை பெட்டி படுக்கையைக் கட்டிவைத்துவிட்டுப் பேட்டி கொடுத்தது: “சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன். குளத்துக்கே திரும்புகிறேன்.”

காடே பதறியடித்து மலையடிவாரத்தில் கூடியது. “சட்டத்தை மாற்று! முதலையார் ஆயுள் முழுக்க ஆளட்டும்!” முன்வரிசையில் நின்று தொண்டை கிழியக் கத்தியவன் கோரையன்தான். சட்டம் மாறியது.

மறுநாள் அவனுக்கு அழைப்பு வந்தது. “நன்றி விருந்து. சேற்றைக் கழுவிக்கொண்டு வரவும்.”

“போகாதேய்யா,” என்றாள் கிழங்காயி.

“தலைவர்கள் எல்லாரும் தீர்ந்துபோனார்கள்டி. நானும் போகாவிட்டால் அவர் பசியோடு இறங்கி வருவார்.”

குளத்தில் அவன் குட்டிகளும், குட்டிகளின் குட்டிகளும் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன. கோரையன் ஓர் ஓரமாக இறங்கி, நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டு மலையேறினான்.

நீதி: முதலைக்குப் பதவி கொடுக்கலாம், தப்பில்லை. ஓய்வு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.