சம்பந்தி இலையில் தோல் விழாமற்போன விவரம்

சேசு மரி சூசை துணை

நெய்வேலி டவுன்ஷிப்,
5-1-2015

காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை வியாபாரத்தில் பேரும் புகழும் பெற்று விளங்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி சைமன்ராஜ் அவர்கள் சமுகத்துக்கு, இன்னாசிமுத்து பணிவோடு எழுதிக்கொண்டது.

இங்கே நானும், என் வீட்டுக்காரி லூசியும், உங்கள் மருமகள் சோபியாவும், பிறந்து ஐம்பது நாளாகியும் வெறும் ‘பாப்பா’ என்றே கூப்பிடப்படும் உங்கள் பேத்தியும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். தாங்களும் சம்பந்தியம்மா நான்சியும் சுகமென்று மாப்பிள்ளை ரெஜின் சொன்னார். அதை என்னிடம் சொல்லக் கூடாதென்று நீங்கள் சொன்னதையும் சேர்த்தே சொன்னார். கிறிஸ்துமஸ் அன்றிலிருந்து இருபத்தாறு தடவை போன் அடித்துவிட்டேன். ஒரே ஒரு தடவை எடுத்து, ராங் நம்பர் என்று உங்கள் குரலிலேயே சொல்லி வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படிச் சொல்ல முடியாதென்பதால் எழுதுகிறேன்.

வருகிற பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பத்து மணிக்கு, பாப்பாவுக்கு ஞானஸ்நானம். உங்கள் தாயார் அருளாயி பெயரை வைப்பதென்று முன்பே பேசியதுதான். ஆனால் மாப்பிள்ளை, “எங்கப்பா வந்து நிக்காம நான் அந்தப் பேரைச் சொல்ல மாட்டேங்க மாமா” என்று ஒரே பிடியாக நிற்கிறார். கோவிலில் சாமியார் பெயரைக் கேட்கும்போது அவர் வாயைத் திறக்காவிட்டால் பிள்ளை என்ன ஆகும்? பாப்பா என்றே பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியுமா? இதையெல்லாம் யோசித்துத்தான், கிறிஸ்துமஸ் விருந்தன்றைக்கு உங்கள் இலையில் பன்றித்தோல் விழாத காரணத்தை ஒளிவுமறைவில்லாமல் எழுதிவிட முடிவு செய்தேன். லூசியும் பக்கத்தில்தான் நிற்கிறாள். ஒவ்வொரு வரியும் அவளைக் கேட்டே எழுதுகிறேன்.

எங்கள் பிளாக்கில் எட்டுக் குடும்பம் சேர்ந்து கிறிஸ்துமஸுக்கு ஒரு பன்றி போடுவது பதினைந்து வருஷத்து வழக்கம். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பன்னீர்செல்வம் கொண்டுவருவார். வைக்கோலில் வாட்டி, கத்தியால் சுரண்டி, மஞ்சள் தடவிக் கழுவி, எட்டுக் கூறாகப் போடுவோம். கறியில் ஒரு கை குறைந்தால் மன்னிக்கிறவன்கூட தோலில் ஒரு விரல் குறைந்தால் மன்னிக்க மாட்டான். பிறகு ஒருத்தர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். இன்னொருத்தர் ஒரு கூறைத் தொட்டு ‘இது யாருக்கு?’ என்பார். திரும்பிப் பார்க்காமல் அவர் யார் பெயரைச் சொல்கிறாரோ அவருக்கு அந்தக் கூறு. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. யார் வீட்டுக்குச் சம்பந்தி விருந்துக்கு வருகிறாரோ, அவர் கூறில் மற்ற ஏழு பேரும் ஆளுக்கொரு துண்டு வயிற்றுத் தோலை எடுத்து வைக்க வேண்டும். நான் சம்பந்தி வருகிறார், சம்பந்தி வருகிறார் என்று நவம்பர் மாதமே மைன்ஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்ததால், ஏழு பேரும் முகம் கோணாமல் எடுத்து வைத்தார்கள். வீட்டுக்கு வரும்போது தோல் மட்டும் ஒன்றரைக் கிலோ இருந்தது. (இந்த வரியை லூசி அடிக்கச் சொல்கிறாள். பேனாவில் எழுதிவிட்டேன், அடித்தால் அசிங்கமாக இருக்கும்.)

இனிமேல்தான் சோதனைக் காலம். தோலையும் கறியையும் ஒன்றாகப் போட்டால் தோல் வேகுமுன் கறி கரைந்துவிடும். ஆகையால் லூசி தோலைத் தனியாகக் குக்கரில் வைத்து, மஞ்சளும் உப்பும் போட்டு அடுப்பேற்றினாள். நகத்தை வைத்தால் உள்ளே இறங்க வேண்டும், அதுதான் பதம். ஆறு விசில் விட்டுப் பார்த்தோம், நகம் இறங்கவில்லை. பன்னிரண்டு விசில் விட்டோம், என் நகம்தான் உடைந்தது. கன்வேயர் பெல்ட் மாதிரி இருந்தது. இருபத்தொன்பது வருஷமாகக் கன்வேயர் செக்‌ஷனில் இருக்கிற எனக்கு பெல்ட் எதுவென்று தெரியாதா? பதினாலாவது விசிலில் குக்கர் மூடியின் ரப்பர் போய்விட்டது. சரியென்று குக்கரோடு தூக்கிக்கொண்டு அடுத்த தெருவிலிருக்கும் ராஜேந்திரன் வீட்டுக்கு ஓடினேன். ராஜேந்திரன் என்னோடு ஒரே ஷிப்ட், குடும்பத்தைச் சேலத்தில் விட்டுவிட்டுக் குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கிறவர், அவரிடம் அதே அளவில் குக்கர் உண்டு. போகிற வழியில் ஒரு கறுப்பு நாய் குறுக்கே வந்தது. லூசி பழுப்பு நாய் என்கிறாள், பழுப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் தடுக்கி விழ, குக்கர் உருள, நாய் பாதித் தோலைத் தின்றுவிட்டது, மீதிப் பாதியைக் காக்காய் கொண்டுபோய்விட்டது. பதினாலு விசிலுக்கும் வேகாத தோலை நாய் எப்படி ஒரு நிமிஷத்தில் தின்றது என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். நாய்ப் பல் அப்படி என்று எழுதச் சொல்கிறாள் லூசி.

பிறகு நீங்கள் வந்தீர்கள். பேத்தியை மடியில் வைத்துக் கொஞ்சினீர்கள். கைகழுவி இலையில் உட்கார்ந்தீர்கள். கறியை விரலால் இந்தப் பக்கம் தள்ளிப் பார்த்தீர்கள், அந்தப் பக்கம் தள்ளிப் பார்த்தீர்கள். “என்ன சம்பந்தி, இந்தப் பன்னி தோலில்லாமயே பொறந்துச்சா?” என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டீர்கள். அதோடு போயிருக்கும். என் போதாத காலம், அன்றைக்கு ராஜேந்திரனையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன், அவர் உங்களுக்கு எதிர் இலையில் உட்கார்ந்திருந்தார். அவர் இலையில் ஏதோ தளதளவென்று ஆடியதைப் பார்த்துவிட்டு, “தெருவுல போற ஆளுக்குத் தோலு, சம்பந்திக்கு வெறும் சதையா? இனிமே இந்த வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்” என்று எழுந்துவிட்டீர்கள். மாப்பிள்ளை பின்னாலேயே ஓடினார். ஆர்ச் கேட்டில் கோபத்தில் உங்கள் ஊருக்கு எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி வடலூரில் போய் இறங்கினீர்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டு மிகவும் வருந்தினோம்.

சம்பந்தி, ராஜேந்திரன் இலையில் இருந்தது தேங்காய்ச் சில்லு. லூசி பன்றிக்கறியில் தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப் போடுவாள். தேங்காய் ஆடுமா என்று கேட்காதீர்கள். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோல் போனதால் நமக்கு அப்படியொன்றும் நஷ்டமில்லை. ஹோம் சயன்ஸ் படித்த சோபியா இதைப்பற்றி எனக்கு இரண்டு நாள் வகுப்பெடுத்தாள். தோலில் புரதம் நிறைய இருக்கிறதாம். எனக்கு ஒரே சந்தோஷம், முட்டைக்குப் பதில் இதையே தின்னலாமே என்றேன். “அது முழுப் புரதம் இல்லப்பா, ஒடம்புக்கு வேண்டியது எல்லாமே அதுல இல்ல, முட்டையோட சேத்து எண்ணாதீங்க” என்றாள். மாவுச்சத்து சுத்தமாகக் கிடையாதாம். அப்படியானால் சர்க்கரைக்காரர்களுக்குத் தோதுதானே என்று மடக்கினேன். அடியில் ஒட்டியிருக்கிற கொழுப்பை யார் கணக்கில் வைப்பது என்று திருப்பி மடக்கினாள். அந்தக் கொழுப்பிலும் பாதி கடலை எண்ணெயில் இருக்கிற மாதிரி நல்ல சங்கதியாம், மீதிதான் வம்பாம். தோலை அதன் கொழுப்பிலேயே மொறுமொறுவென்று வறுத்து, உப்பைத் தூவித் தின்றால், ஒரு கைப்பிடியிலேயே ஒருவேளைச் சாப்பாட்டின் பாரம் ஏறிவிடுமாம். வேகவைத்து, மேலே மிதக்கிற நெய்யை வடித்துவிட்டு, சின்ன வெங்காயமும் மிளகும் பூண்டும் போட்டுப் பிரட்டி, கீரையோடு ஒரு துண்டு என்றால் பாதகமில்லை என்றாள். நானும் நீங்களும் என்றைக்கு ஒரு துண்டோடு எழுந்திருக்கிறோம்? இத்தனை வருஷம் தோல் தின்றுதானே பெல்ட் இழுத்தேன் என்று கேட்டேன். இழுத்ததால்தான் தின்றது செரித்தது, இப்போது நீங்கள் சூப்பர்வைசர் என்று சொல்லிவிட்டாள். படிக்க வைத்தது தப்பு.

ஆகவே, நடந்ததை நாயின் குற்றமாகவும் காக்காயின் குற்றமாகவும் எண்ணிப் பொறுத்தருளி, பதினெட்டாம் தேதி குடும்பத்தோடு வந்து, பேத்தியைக் கையில் ஏந்தி, உங்கள் தாயார் பெயரை மாப்பிள்ளை வாயால் சொல்லவைக்க வேண்டும். உங்கள் குடோனில் எலி சேராமலும், முந்திரி விலை இறங்காமலும், உங்கள் மூட்டுவலி மழைக்காலத்தோடு போகவும் பாப்பாவின் பெயரால், அதாவது பெயரில்லாத பாப்பாவால், வேண்டிக்கொள்ளும்

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
இன்னாசிமுத்து

பி.கு.: லூசி பால் வாங்கப் போயிருக்கிறாள். வர இருபது நிமிஷமாகும், அதற்குள் உண்மையை எழுதிவிடுகிறேன். மேலே பாப்பாவின் ஞானஸ்நானத்தையும் சோபியாவின் வகுப்பையும் தவிர எதையும் நம்ப வேண்டாம். நாய் இல்லை. காக்காய் இல்லை. குக்கர் நன்றாக இருக்கிறது, தோல் ஏழாவது விசிலிலேயே வெண்ணெய் மாதிரி வெந்துவிட்டது. ராஜேந்திரன் இலையில் ஆடியது தோல்தான், மின்விசிறி அன்றைக்கு ஓடவே இல்லை. நடந்தது என்னவென்றால், இருபத்து மூன்றாம் தேதி சம்பந்தியம்மா லூசிக்குப் போன் செய்து ஒரே அழுகை. நீங்கள் முந்திரி மூட்டைக்கு அடியில் ஒளித்துவைத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் அவர் கையில் சிக்கிவிட்டது. “அண்ணி, கொழுப்பும் ஏறிக் கெடக்குது, பிரஷரும் ஏறிக் கெடக்குது, அவரு யாருகிட்டயும் சொல்லாம தின்னுக்கினு இருக்கிறாரு. நான் சொன்னா கேக்க மாட்டாரு. உங்க வூட்ல ஒரு துண்டு தோலு போட்டாலும் நம்ம பேத்தி மேல ஆணை” என்றாராம். தன் பெயர் வெளியே வரக் கூடாதென்றும் சத்தியம் வாங்கிக்கொண்டார். அதனால்தான் இந்த நாய். பொய்யை நான் எழுத வேண்டும், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வதை லூசி பார்த்துக்கொள்வாள் என்று எங்களுக்குள் ஏற்பாடு.

சம்பந்தி, உள்ளே சட்டி நிறையத் தோல் இருக்க, நீங்கள் பாதிச் சாப்பாட்டில் கைகழுவிப் போனபிறகு என் இலையை மூடிவிட்டேன். அன்றைக்கு நானும் தோலைத் தொடவில்லை. ஆனால் ரிப்போர்ட்டை ஒளித்துவைத்ததற்கு எனக்கு உங்கள் மேல் கோபம்தான். உங்களோடு இன்னும் இருபது கிறிஸ்துமஸ் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்று ஆசைப்படுகிறேன், அதில் பாதிக்கு மேல் தோலில்லாமல் போனாலும் பரவாயில்லை. அதற்காக ஒரேயடியாக விட்டுவிடவும் முடியாது. லூசிக்குத் தெரியாமல் அரைக்கிலோ தோலை எடுத்து ராஜேந்திரன் வீட்டு ஃபிரிட்ஜில் ஐஸ் வைக்கிற இடத்தில் ஒளித்துவைத்திருக்கிறேன். பதினெட்டாம் தேதி காலை எட்டு மணிக்கு, சம்பந்தியம்மாவைக் கோவிலில் விட்டுவிட்டு, நேரே ராஜேந்திரன் வீட்டுக்கு வாருங்கள். கேட்டால் மைன்ஸ் பார்க்கப் போகிறேன் என்று சொல்லுங்கள். கேட் சத்தம் கேட்கிறது, முடிக்கிறேன்.

அண்ணனுக்கு லூசி எழுதறது. இவரு கவர ஒட்டி ராஜேந்திரன் கையில குடுத்து அனுப்பப் பாத்தாரு, பசை காயறதுக்குள்ள வாங்கிப் பிரிச்சுப் படிச்சிட்டேன். இவரு எழுதனத அடிக்கல, அப்படியே உங்களுக்கு வரட்டும். நான்சிய ஒரு வார்த்தை சொல்லாதீங்க, அது அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். ஞானஸ்நானத்துக்கு ரெண்டு பேரும் சேந்து வாங்க. எட்டு மணிக்கு ராஜேந்திரன் வூட்டுக்குப் போனா அந்த ஃபிரிட்ஜுல முருங்கைக்காதான் இருக்கும், இவரு ஒளிச்சு வச்ச அன்னைக்கே தோல நம்ம வூட்டுக்கு எடுத்தாந்துட்டேன். மத்தியானம் உங்க இலையில நானே வைக்கிறேன், கீரையோட. ஒரு துண்டா, ரெண்டு துண்டான்னு பாத்துச் சொல்லணும், அதனால வரும்போது மூட்டைக்கு அடியில இருக்கிற ரிப்போர்ட்ட மறக்காம எடுத்துக்கினு வாங்கண்ணே.