பின்சக்கரத்திற்கு நான் வழங்கிய நீதி

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களின் மேலான பார்வைக்கு, தங்கள் மனைவியின் ஒரே தங்கை பணிவுடன் வரைவது. இவ்விடம் நானும் என் கணவரும் வண்டியும் நலம். இம்மூவரில் வண்டியின் நலத்தைத் தாங்கள் ஐயுறுவதாலேயே இம்மடல் எழுத நேர்ந்தது.

வரும் ஞாயிறன்று அக்காவைக் கண் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்துவர டாக்ஸி பேசிவிட்டீர்களாம். "அவ வண்டியில வந்தா இன்னொரு ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கும்" என்றும் திருவாய் மலர்ந்தீர்களாம். சிறு வயதில் என் கையைப் பிடித்து எங்கெங்கோ கூட்டிப்போனவள் அக்கா. நான் ஐம்பத்திரண்டு வயதில், புத்தகத்தின் துணைகொண்டு பயின்று ஓட்டுநர் உரிமம் பெற்றதே, ஒரு தடவையாவது அவளை நான் கூட்டிப்போக வேண்டும் என்பதற்காகத்தான். ஆகவே டாக்ஸியை ரத்து செய்யுமாறு வேண்டி, சென்ற மாதம் தங்கள் வீட்டு வாசலில் நிகழ்ந்ததற்கான காரணங்களைக் கீழே சமர்ப்பிக்கிறேன்.

இந்தக் காரை எங்களுக்கு விற்ற பல் மருத்துவர் வேகப்பிரியர். வேகத்திற்கென்றே செய்த வண்டியாதலால் முன்சக்கரம் ஒரு அளவு, பின்சக்கரம் வேறு அளவு. முன்னால் 225/45 ஆர் 17, பின்னால் 255/40 ஆர் 17. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது பக்கச்சுவரின் உயரம், விழுக்காட்டில். மூன்றாவது நடுவிலுள்ள இரும்பு வளையத்தின் விட்டம், அங்குலத்தில். ஒரே வீட்டில் மூன்று மருமகள்களும் தனித்தனியே அடுப்பு மூட்டியதைப் போன்ற ஏற்பாடு. டயர்கள் தேய்ந்து மாற்ற வேண்டியபோது இதையெல்லாம் வாசித்துத் தெளிந்த பின்னரே கடைக்குச் சென்றேன். கடைக்காரரோ, கையிருப்பில் இருந்ததைத் தள்ளிவிடும் அவசரத்தில், "நாலும் இருநூத்தி இருபத்தஞ்சாவே போட்டுக்கங்கம்மா, யார் குனிஞ்சு பாக்கப்போறா" என்றார். நான் குனிந்து பார்ப்பவள் என்பதை அவர் அறிந்திலர்.

குனிந்து பார்த்ததில்தான் வினை. முன்னால் நாற்பத்தைந்து, பின்னால் நாற்பது. ஓட்டுபவருக்கு ஐந்து கூடுதல், பின்னால் அமர்பவருக்கு ஐந்து குறைவு. பின்னிருக்கையில் வருபவர்கள் அக்கா, தாங்கள், என் கணவர். நீங்கள் மூவரும் எதில் குறைந்து போனீர்கள்? பின்னுக்கும் நாற்பத்தைந்தே வேண்டும் என்று வாதிட்டேன். "பின்னாடி அது வராதேம்மா" என்றார். "வராததற்கும் வரவிடாததற்கும் வேறுபாடு உண்டு" என்றேன். அவர் 255/45 வரவழைத்துப் பூட்டிவிட்டார்.

அதன்பின் நிகழ்ந்ததைத் தாங்களே கண்டீர்கள், கேட்டீர்கள், முகர்ந்தீர்கள். நீங்கள் மூவரும் பின்னால் ஏறி அமர்ந்து வண்டி நகர்ந்ததுதான் தாமதம், பின்பக்கம் கரகரவென்று ஒரே சத்தம், ரப்பர் கருகும் நாற்றம், வேகத்தடையில் ஏறினா அது இன்னும் ஜாஸ்தியாவுது, இவர் வேற "எல்லாரும் கொஞ்சம் மூச்சைப் பிடிச்சுக்குங்க" அப்படிங்கறாரு, நீங்க "இது காரா, மாவு மெஷினா"ன்னு கேக்கறீங்க, அக்கா ஒருத்திதான் பாவம் சிரிச்சுக்கிட்டே இருந்தா. அமர்ந்தோரின் எடை குறித்து நான் கருத்துரைக்கப் போவதில்லை. தாங்கள் இறங்கியதும் சத்தம் நின்றது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

வீடு திரும்பி, தையல் டேப்பும் பென்சிலுமாய் அமர்ந்தேன். அப்போதுதான் உண்மை புலப்பட்டது. விழுக்காடு என்பது அந்தந்த டயரின் அகலத்தில் விழுக்காடாம். 225இல் நாற்பத்தைந்து விழுக்காடு நூற்றொன்றே கால். 255இல் நாற்பது விழுக்காடு நூற்றிரண்டு. முன்னும் பின்னும் உயரம் ஏறத்தாழ ஒன்றே. பின்சக்கரத்திற்கு அநீதி எதுவும் இழைக்கப்படவே இல்லை. எதில் நாற்பது என்று கேட்காமல் நான் சண்டைக்குப் போயிருக்கிறேன். நான் போட்டதோ ஏறக்குறைய நூற்றுப் பதினைந்து. அது மேலே மட்கார்டில் போய் உரசாமல் என்ன செய்யும்?

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சிறிய சீட்டு ஒட்டியிருக்கும், அதில் சரியான அளவு அச்சிட்டிருக்கும் என்று புத்தகம் கூறிற்று. எங்கள் வண்டியில் அவ்விடத்தில், "கதவை மெல்லச் சாத்துக; இது தங்கள் பகைவர் அன்று" என்று நானே எழுதி ஒட்டிய அறிவிப்பு இருந்தது. வெந்நீரால் நனைத்து அதை உரித்தேன். அடியில் முன் 225/45, பின் 255/40 என்று தெளிவாக இருந்தது. வண்டி செய்தவர்களும் என்னைப் போலவே சரியாகக் கணக்கிட்டிருந்ததில் மகிழ்ச்சி.

இப்போது நான்கும் சீட்டில் கண்டபடியே பூட்டப்பட்டுள்ளன. கழற்றிய 255/45 இரண்டிலும் மாடியில் செடி வைத்திருக்கிறேன். பின்னிருக்கையில் நான்கு தண்ணீர்க் கேன்களையும் அவற்றிடையே என் கணவரையும் அமர்த்தி, இப்பகுதியின் வேகத்தடைகள் அனைத்திலும் ஏற்றி இறக்கிச் சோதித்தாயிற்று. "நானும் ஒரு கேனா?" என்று அவர் கேட்டது தவிர வேறு எந்தச் சத்தமும் எழவில்லை.

ஆகவே அத்தான், கருணை கூர்ந்து டாக்ஸி வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். மெதுவாத்தான் ஓட்டுவேன். அக்காவின் பார்வை தெளிந்து, அவள் முதலில் காணும் முகம் தங்களுடையதாகவும், அம்முகம் புன்னகை பூத்ததாகவும் இருக்க வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்பு மைத்துனி.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் அக்காவே தொலைபேசியில் பேசினாள். "டாக்ஸிய நேத்தே வேணாம்னு சொல்லியாச்சுடி. உன் வண்டியிலதான் வருவேன்னு அவர்கிட்ட கண்டிப்பா சொல்லிட்டேன். டயரு என்ன சைஸா இருந்தா எனக்கென்ன? கண்ணுல கட்டுப் போட்டிருப்பாங்க, நீ ஓட்டறத நான் பாக்கவே போறதில்ல, அப்புறம் என்ன பயம்?" என்கிறாள். என் கணவர் தாம் பேருந்தில் வந்துவிடுவதாகத் தெரிவித்துள்ளார். ஆகவே மேற்கண்ட கணக்குகள் எதையும் தாங்கள் சரிபார்க்க வேண்டியதில்லை. முன்னிருக்கை தங்களுக்குத்தான். தங்கள் கண்ணில் கட்டு எதுவும் இராது என்பதால், வரும்போது ஒரு துண்டு கொண்டு வரவும்.