என் பெயரை நானே கடலில் போட்டேன்

சந்தேகம் என் பிறவிக் குணம். எண்ணெய்க்காரன் அளவுக்கு மேலே ஒரு கரண்டி கூட ஊற்றினால், அதைத் தொழுவத்து விளக்கில் எரித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுக்களைக்குள் விடுவேன். (விளக்கு நன்றாகவே எரியும்.) பாறசாலை மகாதேவரைத் தவிர யாரையும் நான் முழுசாக நம்பியதில்லை.

மகாராஜா ஆண்ட காலம். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே எங்கள் ஊர். ஒரு மழை நாளில் எங்கள் தோப்பை ஒட்டிய ரோட்டில் ஒரு வெள்ளைக்கார சாயிப்பின் மாட்டுவண்டி அச்சு முறிந்து சாய்ந்தது. சாயிப்புக்கு நல்ல காய்ச்சல். அச்சு சரியாகும்வரை நெல் போடும் களப்புரையில் தங்கச் சொன்னேன். என் மனைவி செல்லம்மை சுக்குக் கஷாயமும் கஞ்சியும் கொடுத்தனுப்பினாள்.

காய்ச்சல் விட்டதும் அவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு செத்த வௌவால்! கடலுக்கு நடுவே ஏதோ தீவில் பிடித்ததாம். வயிற்றைக் கீறி, பஞ்சு அடைத்துத் தைத்திருந்தது. சைவ வீட்டுக் களப்புரையில் இப்படி ஒன்று!

சாயிப்பு பாதிரிமார் தமிழ் பேசுவார். "ஐயா, உமது மரத்தில் வாசம்பண்ணும் வௌவால் ஒன்று வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க."

தோப்புக் காவல்காரன் ஒன்றைப் பிடித்துக் கொடுத்தான். இரண்டையும் பலகையில் விரித்து, சிறகில் ஊசி குத்தி, பித்தளைக் கவராயத்தால் முன்கையை அளந்தார். காதை அளந்தார். பல்லை எண்ணினார். கடைசியில், "உமது வௌவால் வேறு ஜாதி, தீவு வௌவால் வேறு ஜாதி" என்றார்.

(வௌவாலிலுமா என்று செல்லம்மை கேட்டாள்.)

பிறகு என் பெயரைக் கேட்டார். மாதேவன் பிள்ளை என்றேன். எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னார். மறுபடியும் சொல்லச் சொன்னார். அப்புறம், "கொஞ்சம் நூல் தருவீரோ?" என்றார். கொடுத்தேன்.

மறுநாள் காலை அவர் கொல்லன் பட்டறைக்குப் போன நேரம் பார்த்துக் களப்புரைக்குள் நுழைந்தேன். தீவு வௌவாலின் காலில் எங்கள் வீட்டு நூல். நூலில் ஒரு சீட்டு. சீட்டில் சிவப்பு மை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் என் பெயரை வாசிக்கும் அளவுக்குத்தான். அங்கே எழுதியிருந்ததும் அதுதான்! கடைசியில் ஓர் எழுத்து மட்டும் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அடுக்களைக்கு ஓடினேன். "எட்டி செல்லம்மை, செய்வினை ஆக்கும்! பொம்மை செஞ்சு, ஊசி குத்தி, என் பேரெழுதிக் கட்டியிருக்கான்!"

"கஞ்சி ஊத்தினவங்களுக்கு ஆராவது செய்வினை வைப்பாவளா? போய்க் கேளுங்க."

"வச்சவன்கிட்டயே போய் வச்சியான்னு கேக்கச் சொல்லுதியா?"

அவள் சற்று யோசித்தாள். "கஞ்சியில உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு. அதுக்கா இருக்குமோ?"

என் சந்தேகம் அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. அதற்கு மேல் தாமதிக்கலாமா? வௌவாலை வாழையிலையில் பொதிந்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, பஞ்சாட்சரம் சொல்லிக்கொண்டே கடலோரத்துப் பொழியூருக்கு நடந்தேன். பாதி வழியில் வலது கால் இழுக்க ஆரம்பித்தது. வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று நடுங்கினேன். (செருப்பு வார் அறுந்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.)

ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் அதைக் கடலில் எறிந்தேன். முங்கினேன். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். கழித்துப் போட்டதைத் திரும்பிப் பார்த்தால் அது கூடவே வந்துவிடும்.

"பிள்ளைவாளே!" பின்னாலிருந்து ஒரு குரல்.

செய்வினைக்கு என் ஜாதிப் பட்டம்கூடத் தெரிந்திருக்கிறதே என்று ஓட்டம் எடுத்தேன். "பிள்ளைவாளே, நில்லும்!" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இன்னும் வேகமாக ஓடினேன்.

வீட்டில் சாயிப்பு பெட்டிகளையெல்லாம் கவிழ்த்துப் போட்டிருந்தார். "ஐயா, என் வௌவாலைக் கண்டீரோ?"

"கடல்ல போட்டாச்சு! என் பேரை எழுதிக் கட்டினா விட்டுருவேனா?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அந்த ஜாதிக்கு உலகத்தில் இன்னும் பெயர் இல்லை. நான் வியாதியாயிருந்தேன், நீர் கஞ்சி கொடுத்தீர். ஆகையால் உமது பெயரை வைத்தேன். புத்தகத்தில் அச்சாகும். நீர் மரித்தாலும் அது மரிக்காது. அதற்கு அந்த ஓர் உடலே சாட்சி. வேறே இல்லை."

கதவுக்குப் பின்னால் செல்லம்மையின் குரல் கேட்டது. "அப்போ உப்பு சரியாத்தான் இருந்திருக்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது எங்களுக்குக் குழந்தை இல்லை. பெயர் சொல்ல ஒன்றைக் கொடு என்று தினமும் மகாதேவர் நடையில் நின்று அழுதவன் நான். அவர் கொடுத்தார். நான் இலையில் பொதிந்து கடலில் போட்டுவிட்டேன்.

அந்தி சாயும் நேரத்தில் படிக்கு வெளியே ஒரு குரல். "பிள்ளைவாளே!"

அதே குரல்! ஆனால் நின்றது, எங்கள் தோப்பில் தேங்காய் வாங்கும் பொழியூர் லாசர். மீன்பிடிக்காரன். கையில், காலைப் பிடித்துத் தலைகீழாக, அந்த வௌவால்.

"நீரு எறிஞ்சது என் வலையில வந்து விழுந்துது. தொண்டை கிழியக் கூப்பிட்டேன். ஏன் ஓய் ஓடினீரு?"

ஒரு சிறகு கிழிந்திருந்தது. பல் எல்லாம் இருந்தது. சீட்டில் மட்டும் எழுத்து முழுக்கக் கரைந்து போயிருந்தது. சாயிப்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு புதுச் சீட்டை எடுத்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். அவர் என்னைத் தாண்டி லாசரைப் பார்த்தார்.

"உமது பெயர் என்ன?"

"சாயிப்பே, அது வந்து..." என்றேன்.

"ஐயா, உமக்குத்தான் பயமாயிருக்கிறதே" என்றார், மிகவும் மரியாதையாக.

கடைசி முயற்சியாக லாசரின் காதில் சொன்னேன். "எலே, ஊசி குத்துவாரு!"

"வௌவாலுக்குத்தானே குத்துதாரு? எனக்கில்லையே" என்றான் அவன். பிறகு சாயிப்பிடம், "லாசர். எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லுதேன்."

லாசர் பெயரில்தான் அந்தத் தீவு வௌவால் இன்றும் அச்சில் இருக்கிறது, கடைசியில் அந்தக் கூடுதல் எழுத்தோடு. (ஆள் பெயரை வைத்தால் அப்படி ஒட்டுவது அவர்கள் சாஸ்திரத்து வழக்கமாம்.) சாயிப்பு அனுப்பிய தாளைச் சட்டம் போட்டு அந்தோணியார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறான்.

மகாதேவர் எங்களையும் கைவிடவில்லை. பின்னால் ஒரு மகன் பிறந்தான். இப்போது நான் எதற்காவது தயங்கி நின்றால், அவன் பிள்ளைகள்கூடக் கத்துகின்றன: "தாத்தா, நூல் கட்டியிருக்கான்னு பாரும்!" அவர்களுக்கு இந்தக் கதையைச் சொன்னது செல்லம்மை. அவள் சொல்லும்போது நான் ஓடிய தூரம் வருஷத்துக்கு வருஷம் நீண்டுகொண்டே போகிறது.

இப்போதெல்லாம் பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் முதல் குரலுக்கே திரும்பிவிடுகிறேன். பெரும்பாலும் அது லாசர்தான். ஒன்றும் இருக்காது; நான் திரும்புகிறேனா என்று பார்ப்பதற்காகக் கூப்பிடுவான்.