மாவு மில்லுக்குப் பின்னால் ஒரு பேண்ட் செட்

சூடாக அரைத்த கேழ்வரகு மாவின் வாசனை மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குப் பசிக்கும். களி ஞாபகம் வரும், கீரைக் கடைசல் ஞாபகம் வரும். எனக்கு வலது தோள் வலிக்கும். தோளில் ஒரு தோல்வார், வயிற்றின் மேல் ஒரு பெரிய டிரம், முகத்தில் அகலமாக ஓர் அசடு, எல்லாம் வரிசையாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சொல்லிவிடுகிறேன். எனக்குத் தாளம் வராது. இந்த உண்மை எனக்குத் தெரியவந்தது நாற்பத்து மூன்றாவது வயதில், நடுத்தெருவில், ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னால். சின்ன வயசு, விவரம் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கிற வயதா அது? பகலில் பத்திரம் எழுதி, மிச்ச நேரத்தில் வரியை மடக்கி மடக்கிக் கவிதை எழுதி, தலையில் பாதி நரைத்திருந்தது.

அதற்கு முந்தைய தை மாதத்தில் ஆரம்பித்தது எல்லாம். கோவிந்தன் அண்ணன் எங்கள் இண்டூர்க்காரர். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக விசில் ஊதி ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூட நாளில் டிரம்பெட் வாசித்தவர். தருமபுரியில் ஒரு பேண்ட் செட் கலைந்துபோனது என்று கேள்விப்பட்டு, அவர்களுடைய வாத்தியங்களை ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

"ஒவ்வொரு கல்யாணத்துக்கும் சேலத்துல இருந்துதான் பேண்டு வரணுமா? நம்ம ஊருக்குன்னு ஒண்ணு இருக்கட்டும். வரவங்க வாங்க" என்றார்.

எட்டுப் பேர் போனோம், அண்ணனோடு ஒன்பது. தையல்கடை அமீர் பாய் கிளாரினெட்டை எடுத்துக்கொண்டார். லைன்மேன் முனுசாமி சின்ன டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு தர மறுத்தான். நான் நேராகப் பெரிய டிரம்மிடம் போனேன்.

"இது எனக்குத்தாண்ணா. எழுதறவனுக்குத் தாளம் ரத்தத்துலயே ஓடும்" என்றேன். (இந்த வாக்கியத்தை யாராவது திரும்பச் சொன்னால் இன்றைக்கும் எழுந்து வெளியே போய்விடுவேன்.)

"எதுக்கும் ரத்தத்த டெஸ்ட் பண்ணிருங்கண்ணா" என்றான் முனுசாமி. "கூடவே சக்கரையும் ஓடும்."

பேண்டில் பெரிய டிரம் என்பது சும்மா சத்தத்துக்கு அல்ல. மற்ற எட்டுப் பேரும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள். அது அடித்தால் கால் எடுத்து வைப்பார்கள், நிறுத்தினால் நிற்பார்கள். தேருக்கு அச்சாணி மாதிரி என்று நான் அன்றிரவே ஒரு கவிதை எழுதினேன். என் மனைவி மல்லிகா படித்துவிட்டு, "நல்லாருக்குதுங்க. அடிக்கக் கத்துக்கிட்டு எழுதியிருக்கலாம்" என்றாள்.

கற்றுக்கொள்ள இடம் வேண்டுமே? கோவிந்தன் அண்ணன் வீட்டில் வாசித்தோம்; பக்கத்து வீட்டு எருமை கறவை நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். கோயில் மைதானத்தில் வாசித்தோம். நாய்கள் கூடவே பாடின. கடைசியில் இடம் கொடுத்தவர் செல்வி அக்கா. தனியாளாக மாவு மில் நடத்துகிறவர். புருவம் வரைக்கும் மாவு படிந்த முகம். அதிர்ந்து பேசமாட்டார் என்று சொல்ல முடியாது. மில்லுக்கு மேலே கேட்கவேண்டும் என்பதால் அதிர்ந்து மட்டுமே பேசுவார்.

"எம் மில்லுக்குப் பின்னாடி வந்து ஊதுங்க! மிசினு ஓடறப்ப பக்கத்துல இடி உழுந்தாலும் எவனுக்கும் கேக்காது!"

அப்படித்தான் மில்லுக்குப் பின்புறம், தகரக் கொட்டகையில், தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் ஒரு வருஷம் ஓடியது. சித்திரையில் உதடுகள் வெடித்து, ஊதுகிறவர்கள் எல்லோரும் தேங்காயெண்ணெய் மினுங்கும் வாயோடு திரிந்தார்கள். ஆடியில் காற்று மாவை அள்ளி எங்கள் மேல் போட்டது. வெள்ளை வெள்ளையாக வீடு திரும்பினோம். புரட்டாசி மழையில் டிரம்பெட்டுக்கே சளி பிடித்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு பாட்டாகக் கோவிந்தன் அண்ணன் வாயால் பாடிக் காட்டுவார். நாங்கள் பிடித்துக்கொள்வோம். மில் கரகரவென்று ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள்ளிருந்து பாட்டு ஒன்று, மாவிலிருந்து எழும் ஆவி போல, மெல்ல மெல்ல மேலே வரும்.

வந்துவிட்டது! சத்தியமாக வந்துவிட்டது. சுதந்திர தினத்துக்கு மில் முக்கில் கொடியேற்றினார்கள். யாரோ ஒரு மூட்டை ராகியை அரைக்கப் போட்டிருந்ததால் மில்லும் ஓடிக்கொண்டிருக்க, நாங்கள் வாசித்தோம். ஒன்பது பேரும் ஒரே ஆள் போல. தலைமையாசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டிரம்மு பிரமாதங்க. கடிகாரம் மாதிரி இருக்குது" என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது கன்னம் சுடுகிறது.

இன்னொன்றையும் அப்போதே கவனித்திருக்க வேண்டும். ஐப்பசியில் ஒரு நாள் பாட்டின் நடுவில் கரண்ட் போனது. மில் நின்றது. அடுத்த நொடி, யாரும் சொல்லாமலே, நாங்களும் நின்றோம். ஏன் நின்றோம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எழுந்து டீ குடிக்கப் போனோம். மின்தடை நாள்கள் முனுசாமிக்கு முன்கூட்டியே தெரியும் என்பதால், "நாளைக்கு ஷட்டவுனு, லீவு" என்று அறிவித்துவிடுவான். ஆக, மில் ஓடாமல் நாங்கள் ஒரே ஒரு பாட்டைக்கூட முழுதாக வாசித்ததில்லை.

கார்த்திகையில் கோவிந்தன் அண்ணனின் மகள் கவிதாவுக்கு நிச்சயம் ஆனது. மாப்பிள்ளை வீடு தேன்கனிக்கோட்டைப் பக்கம். சம்பந்தி கனத்த மீசைக்காரர். பாதி கன்னடம், பாதி தமிழ்.

"பேண்டு நாங்க கூட்டியாரோம். நம்ம ஊர் பேண்டுன்னா பேண்டு" என்றார்.

"வேண்டாங்க சம்பந்தி. பேண்டு எங்களுது" என்றார் கோவிந்தன் அண்ணன், நெஞ்சை நிமிர்த்தி.

சம்பந்தி எங்கள் ஒன்பது பேரையும் பார்த்தார். மீசைக்குள் சிரித்தார். "நோடலாம், பாக்கலாம்."

அவர்கள் போன பிறகு கவிதா அப்பாவிடம் வந்து நின்றாள். "வேணாம்ப்பா. ஒரு சின்னத் தப்பு வந்தாலும் அந்த வூட்ல ஆயுசு பூரா சொல்லிக் காட்டுவாங்க. கேக்கப் போறது நாந்தான்."

"தப்பு எங்கிருந்து வரும்? டிரம்மு யாரு வாசிக்கறாங்க பாரு" என்று என்னைக் காட்டினார் கோவிந்தன் அண்ணன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை என்று எதுவும் இல்லை. அவள் புத்திசாலி.

தை வந்தது. சாயங்காலம் ஐந்து மணி. பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு. அமீர் பாய் தைத்த சிவப்புக் கோட்டில் நாங்கள் ஒன்பது பேரும் தீப்பெட்டிக் குச்சிகள் மாதிரி நின்றோம். என் டிரம்மின் வார் பக்கிள் விட்டுப்போயிருந்ததால் பாய் ஊசி எடுத்து, வாரைக் கோட்டோடு சேர்த்தே தைத்துவிட்டார். "இனி ஆளு உழுந்தாலும் டிரம்மு உழாது" என்றார்.

மாப்பிள்ளை திறந்த ஜீப்பில். பின்னால் சீர்வரிசைத் தட்டோடு பெண்கள். அந்த வரிசையில் முதல் ஆளாகப் பட்டுப்புடவையில், மாவே இல்லாத முகத்தோடு, பழத்தட்டு ஏந்தி செல்வி அக்கா. எனக்கே அடையாளம் தெரியவில்லை.

கோவிந்தன் அண்ணன் கையை உயர்த்தினார். இறக்கினார். நான் அடித்தேன்.

டம்.

அடுத்த அடி எப்போது?

வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கேள்வி வந்தது. முதுகுப் பக்கம் ஏதோ ஒன்று இல்லை. சுவரில் சாய்ந்தே பழகியவனுக்குப் பின்னாலிருந்து சுவரை எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் எனக்குள் பார்த்தேன். ரத்தத்தில் ஓடுகிறதே, அதைக் கேள் என்றது கவி மனம். கேட்டேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. அதன்படியே அடித்தேன்.

பயந்தவன் நெஞ்சு வேகமாக அடிக்கும். அடி வேகமாக வேகமாக இன்னும் பயம். பயம் கூடக் கூட இன்னும் வேகம். பாட்டு ஓட ஆரம்பித்தது. அமீர் பாய் மூச்சு விட இடம் கிடைக்காமல் கிளாரினெட்டிலேயே முழி பிதுங்கினார். நாங்கள் ஓட, ஜீப் டிரைவர் இரண்டாவது கியருக்கு மாற்றினார். பின்னால் சீர்த் தட்டுப் பெண்கள் புடவையைத் தூக்கிப் பிடித்து ஓடினார்கள். மாதுளைகள் தெருவில் உருண்டன.

"மெதுவா! மெதுவா!" என்று டிரம்பெட்டை எடுத்துவிட்டுக் கத்தினார் கோவிந்தன் அண்ணன்.

மெதுவாக்கினேன். ரொம்பவும். டம்... டம்... ஒவ்வோர் அடிக்கும் நடுவில் ஒரு பீடி பற்ற வைக்கலாம். டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார். மடித்துக் கட்டிய லுங்கியை மரியாதையாக இறக்கிவிட்டார். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்:

"யாருங்க தவறுனது?"

ஊர்வலம் நின்றுவிட்டது. சம்பந்தி ஜீப்பிலிருந்து இறங்கினார்.

"ஏனு சம்பந்தி இது? கல்யாணமா, கருமாதியா?" பிறகு மருமகப் பையன் ஒருவனிடம் திரும்பி, "போன்ல பாட்டுப் போடப்பா. அதுலயே போயிக்கலாம்" என்றார்.

கோவிந்தன் அண்ணன் டிரம்பெட்டைக் கவிழ்த்து, உள்ளே சேர்ந்த எச்சிலைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். நிமிர்ந்தால் சம்பந்தி முகத்தைப் பார்க்கவேண்டும். தெருக் கோடியில், மண்டப மாடி ஜன்னலில், பாதி அலங்காரத்தோடு கவிதா நின்றது எனக்குத் தெரிந்தது. ஆயுசு பூரா, என்று அவள் சொன்னது காதில் விழுந்தது.

அப்போதுதான் அந்த வாசனை. பட்டுக்கும் மல்லிகைப் பூவுக்கும் அடியிலிருந்து, என்ன குளித்தாலும் போகாத ராகி மாவு வாசனை.

"தம்பி, இந்தத் தட்டப் புடி. அந்தக் குச்சிய இங்க குடு."

"அக்கா, உங்களுக்கு வாசிக்க..."

"நீ மட்டும் வாசிச்சியா?" செல்வி அக்காவின் குரல் தெருமுழுக்கக் கேட்டது, அவருக்குத்தான் சின்னக் குரலே கிடையாதே. "எம் மில்லு பெல்ட்டுல ஒரு ஒட்டு இருக்குது. ஒவ்வொரு சுத்துக்கும் டக்குனு அடிக்கும். வருசம் பூரா அதக் கேட்டுக்கிட்டுதான் நீ தட்டுன. உன்னக் கேட்டு இவுங்க ஊதுனாங்க. வாசிச்சதெல்லாம் எம் மில்லுய்யா!"

முனுசாமியின் வாய் திறந்தபடி நின்றது. அமீர் பாய் "யா அல்லா" என்றார். எனக்கு, ஒரு வருஷம் ஒரே நொடியில் விளங்கியது. சுதந்திர தினம். தலைமையாசிரியர். கடிகாரம்.

டிரம்மைக் கழற்றிக் கொடுக்கப் பார்த்தேன். வார் வரவில்லை. பாயின் தையல்.

"கழட்ட வேணாம், அப்படியே நில்லு" என்று தட்டை என் இரண்டு கையிலும் திணித்து, கொசுவத்தை இடுப்பில் செருகி, என் வலப்பக்கம் வந்து நின்றார் அக்கா. ஒரு நொடி கண்ணை மூடினார். இருபது வருஷமாக அந்த பெல்ட்டின் பக்கத்திலேயே நின்ற உடம்பு. எப்போது ஒட்டு வரும் என்று அதற்குத் தெரியும்.

டம். டம். டம். டம்.

மில் ஓட ஆரம்பித்துவிட்டது, நடுத்தெருவில்! முனுசாமியின் கை தானாக எழுந்தது. பாயின் கிளாரினெட் மூச்சு வாங்கி நிமிர்ந்தது. கோவிந்தன் அண்ணன் டிரம்பெட்டை உதட்டில் வைத்தார். பாருங்கள், முப்பது வருஷம் விசில் ஊதிய வாயிலிருந்து அன்றைக்குப் பொன் கொட்டியது. ஒன்பது பேர் (சரி, எட்டுப் பேரும் அக்காவும்) ஒரே மூச்சாக, ஒரே காலாக நடந்தோம். தெருவின் இரண்டு பக்கமும் வாசல்கள் திறந்தன. மாதுளை பொறுக்கிய பெண்கள் குலவையிட்டார்கள். டீக்கடை பெஞ்சுக்காரர் லுங்கியை மறுபடி மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து ஆடினார். ஜீப்பிலிருந்து மாப்பிள்ளை குதித்து அவரோடு சேர்ந்தார். கடைசியில் மீசையும் ஆடியது. "சென்னாகிதே! நல்லாருக்குது!" என்று சம்பந்தி இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

இந்த வெற்றியின் நட்ட நடுவில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? வயிற்றில் டிரம், கையில் பழத்தட்டு. அக்கா அடிக்க அடிக்க குலுங்கிக்கொண்டு நடந்தேன். கல்யாண வீடியோவில் அது முழுதாக இருக்கிறது. கவிதா முதல் பிரசவத்துக்கு வந்தபோதும் அதைப் போட்டுத்தான் வீடே சிரித்தது. மாமனார் வீட்டில் ஆயுசு பூரா சொல்லிக் காட்டுகிறார்களா என்று கேட்டேன். "தினமுங்க மாமா" என்றாள். "யாரு வந்தாலும் எங்க மாமனாரு அந்த வீடியோவத்தான் மொதல்ல போடறாரு. எங்க சம்பந்தி பேண்டு பாருன்னு."

பேண்ட் இன்றும் ஓடுகிறது. சேலத்துக்கே போய் வாசித்துவிட்டு வந்தோம். பெரிய டிரம் செல்வி அக்காவுக்குத்தான். ஆனால் அவருக்குத் தோள்வலி, சுமக்க முடியாது. ஆகவே சுமப்பது நான், அடிப்பது அவர். வீட்டில் நான் பேசிக்கொண்டே வந்து சொல்லவந்ததை மறந்து நின்றால், மல்லிகா அடுப்படியிலிருந்து, "என்னாங்க, கரண்டு போச்சா?" என்பாள். பிள்ளைகளுக்கும் அது தொற்றிவிட்டது. எனக்கு ஊரில் ஒரு பட்டப் பெயரும் உண்டு. அதை வைத்தவர் சம்பந்தி.

கவிதா கல்யாணத்தில் முகூர்த்தம் முடிந்த மறுநாள் மத்தியானம். வேன் புறப்பட நின்றது. கவிதா அழுதாள், கோவிந்தன் அண்ணன் அழுதார். அழாதே என்று சொன்ன முனுசாமியும் அழுதான். சம்பந்தி படியில் ஒரு காலை வைத்துத் திரும்பி, கோவிந்தன் அண்ணனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நம்ம சின்னவனுக்கு அடுத்த தையில கல்யாணம் சம்பந்தி. எங்க ஊர் பேண்டு வேண்டாம். நீங்கதான் வரணும். அந்த மில்லு அக்காவ முன்னாடி சீட்டுல உக்கார வெச்சுக் கூட்டியாங்க."

பிறகு அவர் கண் என் மேல் விழுந்தது. மேலும் கீழும் பார்த்தார். மீசைக்குள் சிரித்தார்.

"டிரம்மு ஸ்டாண்டயும் மறக்காம எடுத்துட்டு வாங்க."